பொன்னாடையும் பாச்சை உருண்டையும்

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அக்டோபர் முதல் தேதி முதியோர் தினத்தையொட்டித் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் வெளியான ஒரு புகைப்படத்தை முன்னிட்டு இக்கடிதத்தை எழுதுகிறேன். மேடையில் ஒன்பது முதியவர்கள் நாற்காலிகளில் அமர்ந்திருக்கிறார்கள். ஒவ்வொருவர் தோளிலும் ஒரு பொன்னாடை. அவர்களுக்குப் பின்னால் நிற்கும் ஆறு பிரமுகர்களின் பெயரும் பதவியும் இடமிருந்து வலமாக, ஒருவர் விடாமல் அச்சாகியிருக்கின்றன. அமர்ந்திருப்பவர்களைப் பற்றியோ 'சாதனை முதியோர்' என்னும் இரண்டு சொற்கள் மட்டுமே உள்ளன. வலது ஓரத்திலிருந்து மூன்றாவதாக அமர்ந்திருப்பவர் என் அக்கா. அவர் என்ன சாதித்தார் என்பது படத்தைப் பார்த்த வாசகர் எவருக்கும் தெரிந்திருக்க வழியில்லை. அன்று அவருக்குப் பொன்னாடை போர்த்தியவருக்குத் தெரியுமா என்பதும் எனக்கு ஐயமே.

அக்காவுக்கு வயது எழுபத்தொன்பது. கிராம சுகாதார செவிலியராக இருந்து 2004இல் ஓய்வு பெற்றவர். குழந்தைகளை எடை பார்க்கவும் தடுப்பூசி போடவும் சைக்கிளில் ஊர் ஊராகப் போய்வந்த காலத்தில், தூளிக் கயிற்றை ஒரு கையால் ஆட்டிக்கொண்டே தாய்மார்கள் பாடிய தாலாட்டுகளைக் கேட்டு எழுதிவைக்கும் பழக்கம் அவருக்கு ஏற்பட்டது. பிறகு நடவுப் பாட்டும் ஒப்பாரியும் அவற்றோடு சேர்ந்துகொண்டன. பாடியவர் யார், அவர் பிறந்த ஊர் எது, வாக்கப்பட்டு வந்த ஊர் எது, அந்தப் பாட்டை யாரிடம் கேட்டுக் கற்றார் என்பவற்றை எல்லாம் ஒவ்வொரு பாட்டின் கீழும் குறித்துவைத்து, மொத்தம் இருபத்துமூன்று நோட்டுகளை நிரப்பினார். குடமுருட்டி ஆற்றுக்கு இக்கரையில் ஒரு விதமாகவும் அக்கரையில் வேறு விதமாகவும் பாடப்படும் ஒரே தாலாட்டை அருகருகே வைத்து, இன்ன சொல் இன்ன ஊரில் இப்படி மாறுகிறது என்று குறிப்பெழுதி அச்சில் கொண்டுவர வேண்டும் என்பது அவருடைய நாற்பது ஆண்டு எண்ணம். பணியில் இருந்தபோது அதற்கு நேரமில்லை; ஓய்வு பெற்றபின் பேரப்பிள்ளைகள் வந்தார்கள்; அவர்களும் வளர்ந்து வெளியூர் போனபோது அக்காவின் கை நடுங்கத் தொடங்கியிருந்தது.

அவருக்கு இதுவரை பதினொரு பொன்னாடைகள் போர்த்தப்பட்டுள்ளன. எல்லாம் பீரோவின் மேல்தட்டில் மடிப்புக் கலையாமல் இருக்கின்றன; மூலைக்கொரு பாச்சை உருண்டையும் போட்டிருந்தோம். நோட்டுகளோ கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டியில் கிடக்கின்றன. ஓராண்டுக்கு முன் அந்தப் பெட்டியைத் திறந்தபோது, ஆறாம் நோட்டின் ஓரம் முழுவதும் இராமபாணப் பூச்சி அரித்திருந்தது. அக்கா ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய்ப் பீரோவிலிருந்த பாச்சை உருண்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துவந்து தகரப் பெட்டிக்குள் போட்டார். நான் சொல்ல வந்தது ஏறத்தாழ இவ்வளவுதான் என்றாலும், இது எங்கள் வீட்டு விஷயம் மட்டுமன்று என்பதால் மேற்கொண்டு எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது பாபநாசத்தில். உத்தமதானபுரம் இங்கிருந்து சைக்கிளில் போய்வரும் தொலைவு. டாக்டர் உ.வே. சாமிநாதையர் பிறந்த மண் என்று அந்த ஊரைக் காட்டித்தான் எங்கள் பள்ளி ஆசிரியர்கள் எங்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தார்கள். அவருடைய இளமையையும், ஏடு தேடி அலைந்த கதையையும், 1887இல் சீவகசிந்தாமணி, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு என்று அச்சிட்ட வரிசையையும் நம்மில் பலர் அறிவோம். அவருடைய முதுமையைப் பற்றித்தான் அதிகம் பேசுவதில்லை. 1919இல் சென்னை மாநிலக் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றபோது அவருக்கு வயது 64. அத்தோடு நிறுத்தியிருந்தாலும் தமிழ் அவரை மறந்திருக்காது. அதன்பின் 69 வயதில் பெருங்கதையை வெளியிட்டார். தம் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் சரித்திரத்தை 1933, 1934 ஆகிய ஆண்டுகளில் இரண்டு பாகங்களாக எழுதி முடித்தார். 1937இல், 82 வயதில், குறுந்தொகைக்குத் தாமே உரை எழுதிப் பதிப்பித்தார். 1940 சனவரியில், 85 வயது நிறையும் தறுவாயில், தம் வரலாற்றை ஆனந்த விகடனில் வாரந்தோறும் சொல்லத் தொடங்கினார்.

இவற்றுள் ஆசிரியரின் சரித்திரத்தை மட்டும் சற்று நின்று பார்க்க வேண்டுகிறேன். பிள்ளையவர்கள் மறைந்தது 1876இல். மாணவர் எழுதிய சரித்திரம் வெளிவந்தது 1933இல். இடையில் 57 ஆண்டுகள். அத்தனை ஆண்டுகளும் ஏடுகளோடு மல்லுக்கு நின்ற ஒருவர், தம் எழுபதுகளின் இறுதியில் உட்கார்ந்து, ஆசிரியர் எந்த ஊரில் யார் வீட்டில் தங்கினார், யாருக்கு என்ன பாடம் சொன்னார், எந்தச் சூழ்நிலையில் எந்தச் செய்யுளைச் செய்தார், கையில் காசில்லாத நாட்களை எப்படிக் கழித்தார் என்பதையெல்லாம் நினைவிலிருந்தும் கடிதங்களிலிருந்தும் கேட்டறிந்தவற்றிலிருந்தும் திரட்டி எழுதுகிறார். ஒருவரைக் கௌரவிப்பது என்றால் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. பிள்ளையவர்கள் பெரிய புலவர் என்று சொல்லி மாலை போட்டுவிட்டுப் போயிருந்தால், இன்று நமக்கு அந்தப் பெயருக்கு மேல் எதுவும் கிடைத்திராது.

இன்னொன்றும் உண்டு. மாயூரத்தில் (இன்றைய மயிலாடுதுறை) மாணவராக இருந்த காலத்தில், பிள்ளையவர்கள் வாயால் செய்யுள் சொல்லச் சொல்ல, ஏட்டில் எழுத்தாணி பிடித்து எழுதியவர்களுள் சாமிநாதையரும் ஒருவர். அறுபது ஆண்டுகள் கழித்து, கண்ணும் கையும் தளர்ந்த நிலையில் அவர் சொல்லச் சொல்ல எழுதியவர்கள் அவருடைய மாணாக்கர்கள்; பின்னாளில் 'கலைமகள்' இதழின் ஆசிரியராக விளங்கிய கி.வா. ஜகந்நாதன் அவர்களுள் முதன்மையானவர். பிள்ளையவர்களுக்கு எழுதிக் கொடுக்க ஒரு கை இருந்தது, சாமிநாதையருக்கும் இருந்தது. அந்தக் கைகள் இல்லாமல் போயிருந்தால் 82 வயதில் குறுந்தொகை உரையும் வந்திராது, 85இல் சுயசரிதமும் தொடங்கியிராது. போர்க் காலத்தில் சென்னையை விட்டுத் திருக்கழுக்குன்றம் சென்று அங்கே 1942 ஏப்ரல் 28இல் அவர் காலமானபோது அந்த வரலாறு மணிமேகலைப் பதிப்புக் காலத்தோடு நின்றுபோயிருந்தது. வாழ்வின் பிற்பகுதியை அவர் சொல்லி நாம் கேட்க வாய்ப்பில்லாமல் போனது. ஐந்தாறு ஆண்டுகள் முன்பாகவே அவரை யாராவது பிடித்து உட்காரவைத்திருந்தால் என்ன என்று அந்த நூலை முடிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். யார் மீது கோபம் என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாது.

நான் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் எழுத்தராக வேலை பார்த்தவன். கணினியும் ஸ்கேனரும் வருவதற்கு முன், ஆவணங்களைப் பார்த்துப் பார்த்துத் தொகுதிகளில் எழுதியவர்கள் நாங்கள். ஒரு நாளைக்கு இத்தனை பக்கம் எழுதினால் மாலையில் விரல் எப்படி மரத்துப்போகும் என்பதை நானறிவேன். ஆகவேதான் சொல்கிறேன்: முதுமையில் ஓர் எண்ணத்தை நிறைவேற்ற நினைப்பவருக்குப் பெரும்பாலும் குறைவது மனவுறுதியன்று. கைதான் குறைகிறது. கண் குறைகிறது. பேருந்தில் ஏறி இறங்கும் கால் குறைகிறது. மற்றதெல்லாம் அவரிடம் நம்மைவிட அதிகமாகவே இருக்கிறது.

சொந்தக் கையே வளைந்துபோன ஒருவர் என்ன செய்தார் என்பதையும் இந்த மாநிலம் பார்த்திருக்கிறது. எட்டயபுரம் பக்கத்திலுள்ள வடமலாபுரத்தில் 1918இல் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமி, இளம் வயதிலேயே முடக்குவாதம் வந்து படுத்த படுக்கையாகக் கிடந்து எழுந்தவர். கோணிப்போன விரல்களால் அறுவைக் கத்தியைப் பிடிக்கத் தம்மைத் தாமே பழக்கிக்கொண்டு கண் மருத்துவரானவர். 1976இல் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு மதுரையில் 11 படுக்கைகளோடு அவர் தொடங்கியதுதான் அரவிந்த் கண் மருத்துவமனை. ஓய்வூதியத்தை வாங்கிக்கொண்டு திண்ணையில் சாய்ந்திருக்க அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. ஆனால் பார்வையின்மையைக் கூடியமட்டும் ஒழிக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு ஓய்வு கொடுக்கவில்லை. இதிலும் கவனிக்க வேண்டியது, அவர் தனியாகத் தொடங்கவில்லை என்பதே. தங்கை டாக்டர் நாச்சியார், அவருடைய கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமி என்று குடும்பமே கூட நின்றது. 1992இல் ஆரோலேப் தொடங்கப்பட்டுக் கண்ணுக்குள் வைக்கும் வில்லைகளைக் குறைந்த விலையில் இங்கேயே செய்ய ஆரம்பித்தபோது அவருக்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தது.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் கதையோ இன்னும் நீண்டது. 1923இல் அவருடைய தங்கை புற்றுநோயால் இறந்தார். அந்த நோய்க்கென்று தனியாக ஒரு மருத்துவமனை வேண்டும் என்று அப்போது மனத்தில் விழுந்த எண்ணம், சட்டமன்றம், அவ்வை இல்லம், தேவதாசி ஒழிப்புச் சட்டத்துக்கான போராட்டம் என்று ஆயிரம் வேலைகளுக்கு நடுவிலும் மறையாமல் கிடந்து, 1954இல் அடையாறில் 12 படுக்கைகள் கொண்ட ஒரு சிறு மருத்துவமனையாக எழுந்தது. அப்போது அவருக்கு 68ஆம் வயது நடந்துகொண்டிருந்தது. அந்த எண்ணத்தை ஏந்திக்கொள்ள மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி இருந்தார். 1955இல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021 சனவரியில் தம் 93ஆம் வயதில் மறையும்வரை அந்த வளாகத்தை விட்டு அகலவில்லை. ஒரு முதிய பெண்மணியின் கனவை ஓர் இளம் பெண் கையில் வாங்கி, தானும் முதிர்ந்து முடியும்வரை சுமந்திருக்கிறார். இதற்கு மேல் ஒரு பொன்னாடை இருக்க முடியுமா?

இவர்களெல்லாம் பெரியவர்கள், சாதாரண மனிதர்களுக்கு இது பொருந்தாது என்று சிலர் சொல்லக்கூடும். பக்கத்து மாநிலமான கேரளத்தில், ஆலப்புழை மாவட்டத்தைச் சேர்ந்த கார்த்தியாயினி அம்மா, எழுதப் படிக்கத் தெரியாமலே தொண்ணூறைத் தாண்டியவர். 2018இல் மாநில எழுத்தறிவு இயக்கம் நடத்திய தேர்வை 96 வயதில் எழுதி, நூற்றுக்கு 98 மதிப்பெண் வாங்கினார். அந்தச் செய்தியைத் தாங்களும் வெளியிட்டிருப்பீர்கள். எல்லோரும் அவருடைய வயதையும் மதிப்பெண்ணையும் கண்டு வியந்தார்கள். எனக்கு வியப்பாக இருந்தது வேறொன்று. தொண்ணூற்றாறு வயதுப் பாட்டிக்கும் எழுத்துச் சொல்லிக்கொடுக்க ஆளும், எழுதுவதற்கு ஒரு தேர்வும் அங்கே ஏற்பாடாகியிருந்தன. அது இல்லாமல் அந்த 98 வந்திருக்காது.

நம்மிடம் முதுமையைப் பற்றி இருக்கும் எண்ணத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். காடு வா வா என்கிறது, வீடு போ போ என்கிறது என்று பெரியவர்களே தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்கிறார்கள். 'இந்த வயதில் ராமா கிருஷ்ணா என்று இருக்காமல் இதெல்லாம் எதற்கு' என்று கேட்பவர்கள் கெட்ட எண்ணத்தோடு கேட்பதில்லை, அன்போடுதான் கேட்கிறார்கள். என் அக்காவிடம் அப்படிக் கேட்டவர்களில் நானும் ஒருவன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அரசின் பார்வையும் இதிலிருந்து வெகுதூரம் விலகியதன்று. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் உணவு, உடை, உறைவிடம், மருத்துவம் ஆகியவற்றைப் பிள்ளைகளின் கடமையாக்கியது. அது மிகவும் வேண்டிய சட்டம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் முதியவர் என்றால் பராமரிக்கப்பட வேண்டியவர் என்பதோடு நம் கற்பனை நின்றுவிடுகிறது. அவருக்கு இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கலாம் என்பது யார் நினைவுக்கும் வருவதில்லை. தமிழ் வளர்ச்சித் துறை அகவை முதிர்ந்த தமிழறிஞர்களுக்கு மாதந்தோறும் உதவித்தொகை வழங்குகிறது. அதை வாங்கி மருந்துச் செலவைச் சமாளிக்கும் புலவர்களை எனக்குத் தெரியும். அந்தத் தொகையோடு வாரத்துக்கு ஒரு நாள் எழுதிக் கொடுக்க ஓர் ஆளையும் சேர்த்து அனுப்பினால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவர்களில் ஒருவர் என்னிடம் சொன்னார்.

அக்காவின் நோட்டுகளுக்கு நேர்ந்ததையும் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனத்தார், பெயர் வேண்டாம், தங்கள் விழா மலரில் சேர்ப்பதாகச் சொல்லி இரண்டு நோட்டுகளை வாங்கிப்போனார்கள். மலர் வந்தது; அதில் பாட்டு இல்லை. நோட்டுகளும் திரும்பவில்லை. கேட்டபோது, பொறுப்பில் இருந்தவர் மாறிவிட்டார் என்றார்கள். அந்த விழாவுக்கும் அக்காவை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள் என்பதுதான் வேடிக்கை. பதினொன்றில் அது எட்டாவதோ ஒன்பதாவதோ. இருபத்துமூன்று நோட்டுகள் இப்போது இருபத்தொன்று.

இந்த ஆண்டு ஆவணியிலிருந்து வேலை நகரத் தொடங்கியிருக்கிறது. எங்கள் தெருவில் இளங்கலை படிக்கும் பெண் ஒருத்தி, ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு மணி நேரம் வந்து கைப்பேசியில் தட்டச்சு செய்கிறாள். நான் நோட்டைப் படிப்பேன். கண்புரை அறுவைக்குப் பிறகு எனக்கு எழுத்து நன்றாகவே தெரிகிறது. அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டுத் திருத்துவார். மூன்றாம் வாரம் ஒரு தாலாட்டில் 'மரக்கா' என்று ஒரு சொல் வந்தது. அதற்குமேல் மை மங்கிவிட்டது. கைப்பேசி தானாக அதை 'மரக்கறி' என்று மாற்றிவிட்டது. அந்தப் பெண்ணும் சரிதானே என்று அடுத்த வரிக்குப் போய்விட்டாள். அக்கா கண்ணைத் திறந்து, 'மாமன் மரக்கறி கொண்டு வருவானா பிள்ளைக்கு? மரக்காலும்மா' என்றார். மரக்கால் என்றால் என்ன பாட்டி என்று அவள் கேட்டாள். இருபது வயது ஆகிறது, தஞ்சை மாவட்டத்தில் பிறந்தவள், நெல் அளக்கும் மரக்காலைப் பார்த்ததில்லை. பரணில் ஏறி அந்தப் பழைய மரக்காலை இறக்கிக் கொடுத்தேன். அவள் அதைக் கையில் வாங்கி எடை பார்த்தாள், உள்ளே எட்டிப் பார்த்தாள், விளிம்பிலிருந்த இரும்புப் பட்டையைத் தடவினாள். பிறகு அக்கா சொல்லாமலே அந்தப் பாட்டின் கீழ் ஒரு குறிப்புச் சேர்த்தாள். அந்த இரண்டு மணி நேரத்தில் நாங்கள் நான்கு பாட்டுகள்தான் முடித்தோம். அக்கா அன்று மாலை சாப்பிட்ட அளவை நான் பல மாதங்களாகப் பார்த்ததில்லை.

இது ஒரு தெருவில் தற்செயலாக நடந்தது. இதையே ஏற்பாடாகச் செய்ய முடியும் என்பதே என் வேண்டுகோள். பார்வைக் குறையுள்ள மாணவர்களுக்குத் தேர்வில் சொல்வதை எழுதித்தர ஓர் ஆள் அமர்த்தப்படுகிறார்; அந்த நடைமுறை பல ஆண்டுகளாக இருக்கிறது, யாரும் அதைச் சலுகையாகப் பார்ப்பதில்லை. அதே முறையில், கல்லூரிகளின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களில் விருப்பமுள்ளவர்களை, எழுதி முடிக்க வேண்டிய வேலை வைத்திருக்கும் முதியவர்களோடு இணைத்துவிடலாம். ஏழு நாள் முகாமில் கோயில் குளக்கரையில் புல் பிடுங்குவதும் நல்ல சேவைதான். ஆனால் புல் அடுத்த மழையில் திரும்ப முளைத்துவிடும். கிளை நூலகங்கள் இதற்கான பதிவேட்டை வைத்துக்கொள்ளலாம். இன்ன ஊரில் இன்னார் கிராம வரலாறு எழுதிக்கொண்டிருக்கிறார், இன்னாரிடம் சித்த வைத்தியக் குறிப்புகள் இருக்கின்றன, இன்னார் கூத்துப் பனுவல்களை நினைவில் வைத்திருக்கிறார் என்பது ஊர் நூலகருக்குத் தெரிந்த அளவு வேறு எந்த அலுவலகத்துக்கும் தெரியாது. தமிழ் இணையக் கல்விக்கழகம் பழைய நூல்களையும் இதழ்களையும் மின்னுருவாக்கித் தன் மின்னூலகத்தில் எல்லோரும் படிக்க வைத்திருக்கிறது. அப்பெரும்பணி கையெழுத்து நோட்டுகளுக்கும் நீள வேண்டும். பெட்டியிலிருக்கும் நோட்டை வாங்கிப்போகாமல், வீட்டுக்கே வந்து படமெடுத்துக்கொண்டு, நோட்டை உடையவரிடமே விட்டுப்போக வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். இந்த நிபந்தனைக்குக் காரணம் மேலே சொல்லிவிட்டேன்.

மறைந்தவர்களைக் கௌரவிப்பதில் நாம் ஒன்றும் குறைந்தவர்கள் அல்லர். சிலை வைக்கிறோம், தெருவுக்குப் பெயர் வைக்கிறோம், நூல்களை நாட்டுடைமையாக்கி மரபுரிமையருக்குத் தொகை வழங்குகிறோம். இவற்றுள் நாட்டுடைமையாக்கம் ஒன்றுதான் எனக்கு முழு மனத்தோடு பிடித்தது. அது மறைந்தவரின் வேலையை மேலும் பலர் கையில் கொண்டுசேர்க்கிறது. சிலைகளைப் பற்றி எனக்குப் பெரிய கருத்தில்லை. ஆனால் சாமிநாதையரின் சிலைக்கு ஆண்டுதோறும் மாலை விழுந்துகொண்டிருந்த அதே சென்னையில்தான், குறுந்தொகை உரையை அவர் எழுதிய திருவட்டீசுவரன்பேட்டை வீடு 2012இல் இடிக்கப்பட்டது. தமக்குக் கும்பகோணம் கல்லூரி வேலையைத் தேடித்தந்த தியாகராச செட்டியாரின் நினைவாக 'தியாகராச விலாசம்' என்று அவர் பெயரிட்ட வீடு அது. நன்றி மறவாத ஒரு மனிதர் தம் வாசலில் எழுதிவைத்த பெயரும் வீட்டோடு போயிற்று. உத்தமதானபுரத்தில் அவருடைய நினைவு இல்லம் இருக்கிறது, பெசன்ட் நகரில் அவர் பெயரிலுள்ள நூலகம் அவருடைய ஏடுகளையும் கடிதங்களையும் காத்துவருகிறது என்பது ஓர் ஆறுதல்.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. வாரத்தில் ஒரு நாள், மாவட்டப் பக்கத்தில் கால் பக்கம் ஒதுக்கி, இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும் ஒரு முதியவரைப் பற்றி எழுதச் செய்யுங்கள். அவர் வயதை முதல் வரியில் போட வேண்டாம். அவர் என்ன செய்கிறார், எங்கே தடைபட்டு நிற்கிறது, யாருடைய உதவி தேவைப்படுகிறது என்று எழுதுங்கள். இரங்கல் செய்தியில் 'அன்னாரின் நெடுநாள் விருப்பம்' என்று எழுதுவதை, அவர் இருக்கும்போதே எழுதிவிட்டால், அதைப் படித்துவிட்டு ஒருவராவது கதவைத் தட்டக்கூடும். அடுத்த ஆண்டு அக்டோபரில் இப்படியொரு படம் வெளியாகும்போது, நிற்பவர்களின் பெயருக்கு இடம் போதாமல் போனாலும் பரவாயில்லை, உட்கார்ந்திருப்பவர்களின் பெயரையும் அவர்கள் செய்ததையும் ஒவ்வொரு வரியிலாவது போடுங்கள்.

இக்கடிதத்தை அனுப்புவதற்கு முன் அக்காவிடம் படித்துக் காட்டினேன். தன்னைப் பற்றி இவ்வளவு நீட்டியிருக்க வேண்டியதில்லை என்றார். பொன்னாடை போர்த்தியவர்கள் மனம் புண்படுமோ என்று கவலைப்பட்டார். பிறகு, 'தம்பி, பதினாலாம் நோட்டுல அந்த நீளமான ஒப்பாரி இருக்கே, அதைப் பாடினவங்க இன்னும் இருக்காங்க. தொண்ணூறு தாண்டிடுச்சு. காதுதான் கேக்கல, குரல் அப்படியே இருக்கு. நான் எழுதினதுல பாதி ராகத்துலயே போயிடுச்சு. நல்ல ரெக்கார்டரோட யாராவது மார்கழிக்கு முன்னால வர முடியுமான்னு எழுது' என்றார். எழுதிவிட்டேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற சார்பதிவாளர் அலுவலக நகல் எழுத்தர்,
பாபநாசம், தஞ்சாவூர் மாவட்டம்.